பதினொன்றும் குளித்தாயிற்று

நான் செய்த குற்றத்தைச் சொன்னால் முதலில் உங்களுக்குச் சிரிப்புத்தான் வரும். குளிப்பாட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீரில், சீயக்காய் தேய்த்து, துண்டால் துவட்டி. பெரிய பாவம் செய்கிறவர்களுக்குக் கோபம், பேராசை என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். எனக்கு இருந்தது, ‘வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், இதெல்லாம் இப்படி அழுக்காக இருந்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற கவலை மட்டும்தான்.

என் பெயர் தையல்நாயகி. சீர்காழிக்காரி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகு, அலையாத்திக் காடு மட்டும் கொழுத்து வளர்ந்தது. அதற்குள் மடவாத்திட்டு என்ற இடத்தில் ஒரு காப்பகம் அமைத்து, என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். காப்பாற்ற வேண்டியவை நம் ஊர் விலங்குகள் அல்ல. பனாமா நாட்டுக்கு எதிரே ஒரு சின்னத் தீவில் மட்டுமே வாழ்ந்த, மரத்தில் தலைகீழாகத் தொங்கும் குள்ள மூவிரல் ஸ்லாத்துகள். தீவைக் கடல் விழுங்கியபோது மிஞ்சியவற்றை ஏழு நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. அந்தத் தீவின் மரமும் நம் அலையாத்திக் காட்டுச் சுரபுன்னையும் பங்காளிகள் என்பதால் எங்களுக்கும் பதினொன்று வந்தது.

பூனை அளவுதான் இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, எதற்கும் சிரிப்பதுபோல ஒரு வாய். கையை நீட்டி ஓர் இலையைப் பறிப்பதற்குள் நாம் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். எங்கள் ஆட்கள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். நான் அவற்றின் கையில் எண் பொறித்த வளையம் மாட்டி, ஒன்று, இரண்டு என்று கூப்பிட்டேன். உடம்பெல்லாம் பச்சைப்பாசி பிடித்து, அதற்குள் அந்துப்பூச்சிகள் ஓடிக்கொண்டிருக்கும். எனக்குப் பார்த்தாலே அரிக்கும்.

அங்கே வாய்க்கால் ஓரங்களில் நாற்பது இருளர் குடும்பங்கள் இருந்தன. தண்ணீருக்குள் உட்கார்ந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அவர்களில் பூங்காவனம் என்ற பெண்ணை இலை வெட்டிப் போடும் வேலைக்கு எடுத்தோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் அப்போது நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவும் இல்லை.

மூன்றாவது மாதம் ஒருநாள், பூங்காவனம் மரத்தடிகளில் சேற்றை வாரி வட்டமாக வரப்புக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்றே?”

“இதுங்க வாரத்துக்கு ஒருக்காதாம்மா கீழ எறங்குது. எறங்கி அடிமரத்துல வெளிக்கிப் போவுது. போற நேரம் பாத்து அந்துப்பூச்சிங்க ஒடம்புலேந்து எறங்கி அதுல முட்ட வெக்கிது. கடல் ஏத்தம் வந்தா தண்ணி வாரிக்கினு போயிடுது. அதான் கட்டுறேன்.”

“அந்தக் கருமத்துக்கு அணை வேற கட்டணுமா? வாரிக் கொட்டு.”

“பூச்சி இருந்தாத்தாம்மா பாசி செழிப்பா இருக்கு. பாசியத்தான் இது நக்கித் திங்குது. கொழந்த பால் குடிக்கிற மாதிரி கண்ண மூடிக்கினு திங்குது. நீங்க பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. எனக்குக் கூட்டம், கடிதம், அறிக்கை என்று வேலை இருந்தது. சிரித்துவிட்டு, “பூச்சியியல் பட்டம் எப்ப வாங்கினே?” என்றேன். அவரும் சிரித்தார். வரப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அந்த ஏப்ரலில் திறப்பு விழா வந்தது. அமைச்சர், வெளிநாட்டுத் தூதர்கள், உலகம் முழுக்க நேரடி ஒளிபரப்பு. முந்தின வாரம் ஒத்திகைக்கு வந்த படப்பிடிப்புக்காரர் ஒருவர், “என்ன மேடம், பூசணம் பிடிச்ச பழைய மெத்தை மாதிரி இருக்கு?” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தை என்னைச் சாப்பிடவிடவில்லை. விழாவுக்கு முதல் நாள் காலை பத்துத் தொட்டிகளில் தண்ணீர் காய்ச்சச் சொன்னேன். மரத்தடிகளைக் கூட்டிப் பெருக்கச் சொன்னேன். வரப்பையெல்லாம் உடைத்துச் சமன்படுத்தி வெள்ளை மணல் தூவினோம்.

பூங்காவனம் மட்டும் தொட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “வேணாம்மா.”

“நல்ல நாளும் அதுவுமா குளிக்காம இருக்கச் சொல்றியா? நீ செய்யலேன்னா வேற ஆள் செய்வாங்க.”

செய்தார். நான் தோரணம் கட்டுகிற ஆட்களோடு சண்டை போட்டுவிட்டு மத்தியானம் திரும்பினேன். “முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“பதினொன்னும் குளிச்சாச்சும்மா” என்றார்.

மறுநாள் அவை சாம்பலும் பொன்னுமாகப் பளபளத்தன. உலகம் முழுக்கப் பார்த்து ‘ஐயோ செல்லமே’ என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் பெண்ணுக்குத் தலைவாரிப் பூவைத்து மேடையேற்றிய மாதிரி இருந்தது.

இரண்டாம் வாரம் முதல் ஒவ்வொன்றாகத் துவளத் தொடங்கின. இலை தின்றும் மெலிந்தன. சேற்றிலிருந்து வந்த பூஞ்சை நோய் என்று நினைத்து, துவண்டவற்றையெல்லாம் மருந்து கலந்த தண்ணீரில் இன்னொரு முறை குளிப்பாட்டச் சொன்னேன். ஆமாம், இன்னொரு முறை. ஆகஸ்டுக்குள் ஆறு செத்துவிட்டன. ஐந்தாவது செத்த பிறகுதான், அவற்றைப் பற்றி வந்திருந்த பழைய ஆய்வுகளை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். பூச்சி செத்துப் பாசிக்கு உரமாகிறது, பாசி விலங்குக்குச் சத்தாகிறது, விலங்கின் சாணம் மறுபடி பூச்சிக்குத் தொட்டிலாகிறது. பூங்காவனம் சேற்றில் நின்றுகொண்டு சொன்னதேதான். படித்தவள் என்று பெயர். படிக்க வேண்டிய நேரத்தில் படிக்கவில்லை.

விசாரணைக்கு அந்த ஏழு நாடுகளின் காப்புக் கூட்டமைப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம், திட்டு வாங்கியிருப்பேன், வேலை போயிருக்கும். அதற்குமேல் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவர்கள் “இலையில் ஏதாவது நச்சு?” என்று கேட்டபோது, தாங்கிப்பிடிக்க ஒரு கொம்பு கிடைத்தது எனக்கு.

“தில்லை இலை கலந்திருக்கலாம்” என்றேன்.

தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அந்தக் காட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தில்லையையும் சுரபுன்னையையும் பூங்காவனம் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனையிலேயே பிரிப்பார். அவர் இலை மாற்றி வெட்டினார் என்பது, தாய் தன் பிள்ளையை மாற்றித் தூக்கி வந்தாள் என்பதுபோல. உள்ளூர்க்காரர்கள் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் கேட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள் இல்லையே. பூங்காவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நான் கலக்கலீங்க” என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. நான் அந்த நேரத்தில் ஜன்னல் வழியாகப் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் வேலையைவிட்டு நீக்கப்பட்டார். அதோடு போகவில்லை. ‘பயிற்சியற்ற மனித நடமாட்டமே ஆபத்து’ என்று அறிக்கை எழுதினார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு வாய்க்கால்களில் யாரும் இறங்கக்கூடாது என்று தடை வந்தது. நாற்பது குடும்பங்களையும் நெடுஞ்சாலை ஓரத்து மேட்டுக் குடியிருப்பில் வைத்தார்கள். தண்ணீரைத் துழாவிப் பிழைத்த கைகள் செங்கல் அறுக்கப் போயின.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தடை வந்த இரண்டாம் மாதம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் கரையில் நடந்தபோது, பூங்காவனம் கழுத்தளவுத் தண்ணீரில் பறியை வாயில் கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தேன். காவலாளியை விட்டு மேலே ஏற்றினேன். “இறால் திருட வந்தியா?” என்று கேட்டுப் பறியைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். சேறும், புளியங்கொட்டை மாதிரி சாணமும்தான் விழுந்தன. என்னைக் கேலி செய்யத்தான் இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்று நினைத்து, எச்சரித்து அனுப்பினேன். அவர் காலிப் பறியைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

மிஞ்சிய ஐந்தும் பிழைத்துக்கொண்டன. மெல்ல மறுபடி பச்சை ஏறியது. அதற்குக் காரணம் நான் தயாரித்த சத்துணவுத் திட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. ஒரு விருதுகூடக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

நான்கு வருஷம் கழித்து யாரித்ஸா வந்தாள். பனாமாக்காரி, முப்பது வயதிருக்கும். தடையை நிரந்தரமாக்கும் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன் விஞ்ஞானச் சான்று வேண்டும் என்று கூட்டமைப்பு அவளை அனுப்பியிருந்தது. அவள் ஸ்பானிய மொழியில் பேசுவதை என் காதுக்கருவி செய்தி வாசிப்பவரின் தமிழில் சொல்லும்.

“இவற்றின் ஒவ்வொரு ரோமத்திலும் குறுக்கே விரிசல்கள் இருக்கின்றன. பாசி குடியிருப்பது அங்கேதான். ரோமம் வளர வளரப் பழைய பாசி நுனிப்பக்கம் தள்ளப்படும். நுனியிலிருந்து அடிவரை படித்தால், அந்த விலங்கு எந்த வாரம் எந்த இலையைத் தின்றது, எவ்வளவு வெயில் பட்டது, உடம்பில் என்ன ஒட்டியது என்று எல்லாம் தெரியும்.”

“நாலு வருஷத்துக்கு முந்தினதுமா?”

“இவை எதிலும் அவசரப்படுவதில்லை. ரோமம் வளர்வதிலும்தான்.”

“தில்லை நஞ்சு இருந்திருந்தா?”

“அதுவும் தெரியும்” என்றாள்.

கைப்பெட்டி அளவுள்ள அவளுடைய கருவி ஒவ்வொரு ரோமமாக வாசித்தது. புதன்கிழமை காலை கூப்பிட்டாள். ஒன்று, நான்கு, ஐந்து, ஒன்பது ஆகிய நான்கையும் வாசித்துவிட்டிருந்தாள்.

“நான்கிலும் ஒரே மாதிரி. அந்த ஆண்டு ஏப்ரலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. துடைத்தெடுத்ததுபோல வெறுமையாக இருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்ல வழியில்லை. நஞ்சு பாசியைக் கொன்றிருக்கலாம். உங்கள் அறிக்கையோடு பொருந்துகிறது.”

நான் செய்த காரியம், அதைக் காட்டிக்கொடுக்கும் சாட்சியையும் சேர்த்தே கழுவிவிட்டிருந்தது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று மூச்சு விட்டேன். செய்ததைவிட அந்த மூச்சை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“ஆனால் ஏழாம் எண் வேறு மாதிரி” என்றாள் யாரித்ஸா.

ஏழு என்பது வடக்கு வாய்க்காலில் தனியாக இருக்கும் பெண். திரையில் அதன் ரோமம் பெரிதாக விரிந்தது. நுனியிலிருந்து அடிவரை ஓர் இடத்திலும் அறுபடாத பச்சை.

“இதற்கு இடைவெளியே இல்லை. நஞ்சும் இல்லை. இன்னொன்று, மற்ற நான்கிலும் பிறகு முளைத்த பாசி இதனுடைய வழிவந்தது. பூச்சிகள் அத்தனை வாய்க்காலைத் தாண்டிப் பறக்காது. யாரோ இதன் சாணத்தை எடுத்துப் போய் மற்ற மரத்தடிகளில் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை. நீங்களா?”

என் காலடியில் கவிழ்ந்த பறி ஞாபகம் வந்தது. நான் இல்லை என்று தலையாட்டினேன்.

“அப்புறம் இது என்ன?” அவள் விரலை வைத்த இடத்தில் பச்சைக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கீற்று. “நெற்றி ரோமத்தில் மட்டும் இருக்கிறது. தேதி, மற்றவற்றின் வெறுமை முடியும் அதே நாள். ஏதாவது தாவரச் சாயமா?”

பார்த்த உடனே தெரிந்துவிட்டது எனக்கு. மஞ்சள். பிள்ளை பெற்றவளுக்குப் பூசுகிற மஞ்சள். ஏழாம் எண்ணுக்குக் குட்டி பிறந்திருந்ததை நான் பதிவேட்டில் எழுதியது, விழா முடிந்து பத்து நாள் கழித்து. பூங்காவனத்துக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பெற்ற உடம்பில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அதைக் கொண்டுபோய் ஒளித்து வைத்துவிட்டு, நெற்றியில் ஒரு பொட்டு மஞ்சளும் இழுத்துவிட்டு வந்து, என்னிடம் பதினொன்றும் குளித்தாயிற்று என்று சொல்லியிருக்கிறார். நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவரும் ஒரு பொய் சொன்னார். நானும் ஒரு பொய் சொன்னேன். அவருடைய பொய்யால்தான் அங்கே இன்றைக்கும் ஐந்தும் மூன்று குட்டிகளும் உயிரோடு இருக்கின்றன.

“தெரியலை” என்று யாரித்ஸாவிடம் சொன்னேன். அப்போதும் அப்படித்தான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வாய் பழகிவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்தார். ‘காப்பக முன்னாள் பணியாளர் பூங்காவனம் என்பவரின் கவனக்குறைவால்’ என்று அது தொடங்கியது. யாரித்ஸா தன் முடிவுகளைச் சொல்லி, ஏழாம் எண்ணின் புதிர் விளங்கவில்லை என்றாள். ஆட்சேபம் உண்டா என்று தலைவர் வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்டார். எல்லோரும் கோப்புகளை மூடத் தொடங்கிவிட்டார்கள்.

நான் எழுந்தேன். எழுந்ததற்கு என் மனசாட்சியைப் பாராட்ட வேண்டாம். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டதும் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“தில்லை இலை கலக்கவே இல்லை. நான் குளிப்பாட்டினேன்.”

“மேடம், புரியலை” என்றார் தலைவர்.

“விழாவுக்காகச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். ரெண்டாவது தடவை மருந்து போட்டு. அதனாலதான் ஆறும் செத்துச்சு. அந்தம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஏழாம் நம்பரை எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினதும் அவங்கதான். மத்த நாலும் பிழைச்சது என்னோட சத்துணவால இல்லை, அவங்க பறியில தூக்கிட்டு வந்து போட்ட சாணத்தால. அதுல ஒரு பறியை நானே கவுத்துட்டேன்.”

யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். சீயக்காய் என்ற சொல்லுக்காக இருக்கும். தலைவர், “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். யாரித்ஸா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எங்கள் தீவில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் என் பாட்டனாரின் ஆட்கள்தான்” என்று என் காதுக்கருவி சொன்னது. “விலங்குகளைக் காப்பாற்ற என்று சொன்னார்கள். கடல் வருவதற்கு முன்பே விலங்குகள் குறையத் தொடங்கிவிட்டன. ஏன் என்று கேட்க அங்கே யாரும் மிஞ்சவில்லை.” பிறகு அவள் தடைக்குக் கொடுத்திருந்த தன் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

தீர்மானம் நிறுத்தி வைக்கப்பட்டது. என்னையும் பணியிலிருந்து நிறுத்தினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் காலை மேட்டுக் குடியிருப்புக்குப் போனேன். பூங்காவனம் வாசலில் செங்கல் தூசியை உதறிக்கொண்டிருந்தார். கைகள் வெடித்திருந்தன. என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து போட்டார். எனக்கு அதில் உட்கார மனம் வரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

“செல்லி எறங்குறாளா?” என்று கேட்டார். ஏழாம் எண்ணுக்கு அவர் வைத்த பெயர் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இறங்குறா. மூணாவது குட்டி போட்டிருக்கா.”

“வரப்பு?”

“இல்லை.”

“அத மொதல்ல கட்டச் சொல்லுங்க. பௌர்ணமி ஏத்தம் வருது.”

“சொல்றேன்” என்றேன். பிறகு நான்கு வருஷமாக வராத சந்தேகம், அந்த மூன்று நாட்களாக என்னை அரித்த சந்தேகம், வாய்க்கு வந்தது.

“விசாரணையில நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒண்ணு குளிக்கல, அது மட்டும் நல்லா இருக்குன்னு காட்டியிருந்தா என் பொய் அங்கேயே உடைஞ்சிருக்குமே. உங்களுக்கு வேலை போயிருக்காது. இத்தனை குடும்பம் இங்க வந்திருக்காது. ஏன் சொல்லல?”

பூங்காவனம் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற முகம்தான்.

“சொல்லியிருந்தா அதையும் புடிச்சாந்து குளிப்பாட்டியிருப்பீங்களேம்மா.”

ஆமாம், குளிப்பாட்டியிருப்பேன்.